காலுறைக்குள் வைத்த நாடா

வெசல்பெக் கால்பந்துக் கழகத்தின் சலவை அறையில் இருபத்தாறு வருஷம் குப்பை கொட்டியவள் நான். பெயர் ரோஸ்வித்தா பியோன்டெக். எனக்கு வாய் நீளம் என்று ஊரில் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும், பொய் இல்லை. ஆனால் திறக்க வேண்டிய நேரத்தில் அந்த வாயை நான் மூடிக்கொண்டேன். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

பத்து வருஷம் இரண்டாம் பிரிவிலும் மூன்றாம் பிரிவிலும் உருண்டு புரண்டு, அந்த ஆகஸ்டில்தான் நாங்கள் மறுபடி ஜெர்மனியின் முதல் பிரிவான புண்டஸ்லீகாவுக்கு வந்திருந்தோம். கசாப்புக்கடை ஜன்னலில் பச்சைக் கொடி, பாதிரியார் வீட்டு வேலியில் பச்சைக் கொடி. பதினெட்டு அணிகள், ஆளுக்கு முப்பத்துநான்கு ஆட்டம். மே மாதத்தில் அடிமட்டத்து இரண்டு அணிகள் நேராகக் கீழே போகும். பதினாறாவது அணி கூடுதலாக இரண்டு ஆட்டம் ஆடி ஜெயித்தால்தான் பிழைக்கும். சுரங்கம் மூடி, தகர ஆலையும் மூடியபின் எங்கள் ஊரில் மிச்சமிருந்தது இந்தக் கழகம் ஒன்றுதான். அதுவும் இறங்கினால் நான் முதற்கொண்டு அறுபது பேர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

கோல்கீப்பரும் கேப்டனும் ஹென்னிங் பிராக்மான். முப்பத்துமூன்று வயது, உள்ளூர்ப் பையன். அவன் அப்பா மைதானத்துக்கு அடுத்த தெருவில் ரொட்டிக்கடை வைத்திருந்தார். பத்து வருஷத்துக்கு முன்னால் நாங்கள் இறங்கிய அன்றும் கோலில் நின்றவன் இவன்தான். கைக்கு வந்த பந்தைக் கால் நடுவே விட்டுவிட்டான். அன்று சாயங்காலம் அவன் அப்பா கடையின் கண்ணாடியை எவனோ கல்லால் உடைத்தான். எவன் என்று தெருவுக்கே தெரியும், ஒருத்தரும் சொல்லவில்லை. பெரியவர் மறுநாள் ஓட்டையில் அட்டையை ஒட்டிவிட்டு ரொட்டி விற்றார். அடுத்த குளிர்காலத்தை அவர் பார்க்கவில்லை. ஹென்னிங் அதைப் பற்றிப் பேசவே மாட்டான். பெரிய அணிகள் கூப்பிட்டும் போகாமல் இங்கேயே கிடந்தான்.

ஒவ்வொரு ஆகஸ்டிலும் டாக்டர் ஆட்டக்காரர்களின் மூளைக்கு ஒரு பரீட்சை வைப்பார். பத்து வார்த்தை சொல்வார், திருப்பிச் சொல்ல வேண்டும். மாதங்களைத் தலைகீழாக ஒப்பிக்க வேண்டும், ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். பின்னால் யாருக்காவது தலையில் அடிபட்டால் மறுபடி அதே மாதிரிப் பரீட்சை. ஆகஸ்ட் மதிப்பெண்ணை விடக் குறைந்தால் வெளியே உட்கார வேண்டும். இதற்கு எங்கள் பழைய ஆட்டக்காரர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். அதை ஹென்னிங்குக்குச் சொன்னது வேறு யாரும் இல்லை, நான்தான். துணி மடித்தபடி சிரித்துக்கொண்டே சொன்னேன்.

"கோடையில முட்டாளா இரு. அப்பதான் குளிர்காலத்துல புத்திசாலியா இருக்கலாம்."

அவன் அப்படியே செய்தான். டாக்டரிடம் ஆறு வார்த்தை மட்டும் சொல்லிவிட்டு முழித்தானாம். நேரே சலவை அறைக்கு வந்து இயந்திரத்தின் மேல் ஏறி உட்கார்ந்து, பத்தையும் எனக்குப் பாட்டாகப் பாடிக் காட்டினான். ஜன்னல், வெண்ணெய், ரயில், குடை, வாத்து, சுத்தியல், தொப்பி, ஆறு, மெழுகுவர்த்தி, எலுமிச்சை. நான் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

இனி நாடா விஷயம். எதிரணியில் பெனால்டி அடிப்பவன் எந்தப் பக்கம் அடிப்பான் என்று கோல்கீப்பர்கள் ஒரு சீட்டில் எழுதிக் காலுறைக்குள் வைத்துக்கொள்வது உண்டு. காகிதம் வியர்வையில் கூழாகிவிடும். அதனால் எங்கள் கழகத்தில் துணிகளுக்குப் பெயர் எழுதித் தைக்கும் வெள்ளை நாடாவில், சலவைக்கும் அழியாத பேனாவால் நான் எழுதிக் கொடுப்பேன். எனக்குக் கையெழுத்துப் பெரிசு. ஆட்டம் முடிந்து அழுக்குக் காலுறையோடு நாடாவும் என்னிடமே திரும்பி வரும். துவைத்து, தேய்த்து, ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைப்பேன். அது என் பழக்கம்.

செப்டம்பரில் அந்த நாடாவைப் பார்த்தே ஹென்னிங் இரண்டு பெனால்டி பிடித்தான். ஊருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. அவன் காலுறைப் பக்கம் குனிந்தாலே மைதானத்தின் தெற்குப் படிக்கட்டில் நிற்கும் எட்டாயிரம் ரசிகர்களும் "நாடா, நாடா" என்று கத்த ஆரம்பித்தார்கள். குழந்தைகள் மணிக்கட்டில் வெள்ளை நாடா கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போயின. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதை மறைப்பானேன்.

அக்டோபர் மூன்றாவது சனிக்கிழமை எதிரணிக்காரன் ஒருவனின் முட்டி ஹென்னிங்கின் நெற்றிப்பொட்டில் இறங்கியது. ஆட்டக்காரர்கள் மைதானத்துக்குள் வரும் சுரங்க வழியில் துண்டோடு நின்ற எனக்கே அந்தச் சத்தம் கேட்டது. எழுந்து மிச்ச ஆட்டத்தையும் ஆடி முடித்தான். திங்கட்கிழமை டாக்டர் பரீட்சை வைத்தார். ஆறு வார்த்தை. ஆகஸ்டில் ஆறு, இப்போதும் ஆறு. இருந்தாலும் ஒரு வாரம் உட்கார வைத்தார். மாற்று கோல்கீப்பர் லாஸே, நல்ல பிள்ளை, ஐந்து கோல் வாங்கினான். அடுத்த வாரமே ஹென்னிங் திரும்பி வந்தான். ஊரே மூச்சு விட்டது, நானும்தான்.

அந்த வாரம் அவன் நாடா வாங்க வந்தபோது கதவை மூடினான். அவன் அந்தக் கதவை மூடி நான் பார்த்ததே இல்லை. முதல் பாதியில் நாம் எந்தக் கோலில் நிற்கிறோம் என்பதையும் எழுதிவிடு என்றான். ஏன் என்றேன். ஒரு குறிப்புக்குத்தான் என்றான். எழுதினேன்.

நவம்பரில் தடுப்பாட்டக்காரர் நால்வரின் பெயரும் எண்ணும் கேட்டான். நாலு வருஷமாக அவனோடு ஒரே அறையில் உடை மாற்றுகிறவர்கள். ஒரு ஆட்டத்தில் அவன் இடது பின்வரிசைக்காரனைப் பார்த்து வாய் திறந்து, ஒன்றும் சொல்லாமல் கையை மட்டும் ஆட்டினான். பெயர் வரவில்லை என்று எனக்குப் புரிந்தது. அப்போதும் எழுதினேன்.

"இது டாக்டருக்குத் தெரியணும், ஹென்னிங்," என்றேன்.

"தெரிஞ்சா லாஸே நிப்பான். லாஸே நின்னா இறங்கிடுவோம். நான் இருக்கறப்ப இன்னொரு தடவை இந்த ஊர் இறங்காது, ரோஸ்வித்தா. மே வரைக்கும் மட்டும். அப்புறம் நீயே என்னைக் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போ."

ஆட்டத்தில் அவனுக்கு ஒரு குறையும் இல்லை, அதுதான் கொடுமை. பந்து வந்தால் கை போனது. கைக்கு மறதி இல்லை. நாட்டிலேயே பலமான அணியான பவேரியாக்காரர்கள் முப்பது தடவை அடித்தும் ஒன்றுதான் உள்ளே போனது. பெனால்டி இல்லாத நேரத்தில்கூட அவன் நாடாவை எடுத்துப் பார்ப்பான். எதிரணியைச் சீண்டுகிறான் என்று நினைத்துப் படிக்கட்டே அதிரும். எட்டாயிரம் பேர் கைதட்ட, ஒரு மனிதன் தான் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று படித்துக்கொண்டிருந்தான். தெரிந்தவள் நான் ஒருத்தி.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் இலவங்கப்பட்டை பிஸ்கட் ஒரு பெட்டி கொண்டுவந்து கொடுத்தான். "உன் பல்லு தாங்குமா பாரு" என்று கேலி பேசிவிட்டுப் போனான். அரை மணி நேரம் கழித்து இன்னொரு பெட்டியோடு வந்தான். அதே சிரிப்பு, அதே கேலி, வார்த்தை மாறாமல். முதல் பெட்டி மேஜை மேல் திறந்து கிடந்தது. நான் அதன் மேல் ஒரு துண்டைப் போட்டு மறைத்துவிட்டு, நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். குளிர்கால விடுமுறையில் ஓய்வெடுத்தால் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவளுக்கு முதலில் தன் கண்ணைத்தான் மூட வேண்டியிருக்கிறது.

ஜனவரியில் நாலு தோல்வி. பதினேழாவது இடம்.

பிப்ரவரியில் ஒரு காலை, புல்தரை பார்க்கும் டெட்லெஃப் மூச்சிரைக்க வந்து என்னைக் கூப்பிட்டான். பயிற்சி மைதானத்தில் பதினோரு மரச் சிலுவைகள் நட்டிருந்தார்கள். வரிசையாக, குழி தோண்டி, மண்ணைக் குவித்து, ஒவ்வொன்றிலும் ஒரு ஜெர்சி எண். செய்தது எங்கள் ஆட்கள்தான், எங்களுக்காகத் தொண்டை கிழியக் கத்துகிற அதே படிக்கட்டுக்காரர்கள். தோற்றால் நம் ஊர்க்காரன் அன்பு காட்டும் விதம் இது. உறைபனி படிந்த புல், அதில் கறுப்பாகப் பதினோரு மண்மேடு. டெட்லெஃப் கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டே ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். அதற்குள் ஆட்டக்காரர்கள் வந்துவிட்டார்கள்.

ஹென்னிங், அவனுடைய எண்ணான ஒன்று எழுதியிருந்த சிலுவைக்குப் பக்கத்தில் வந்து நின்றான். தொப்பியைக் கழற்றினான்.

"யாரு செத்தது?" என்று டெட்லெஃபிடம் மெதுவாகக் கேட்டான்.

எல்லோரும் வெடித்துச் சிரித்தார்கள். இப்படிப்பட்ட கேப்டன் இருக்கும்போது என்ன பயம் என்று ஒருவன் அவன் முதுகில் தட்டினான். அன்று மாலை செய்தித்தாளில்கூட அந்த வரி வந்தது, கேப்டனின் நெஞ்சுரம் என்று போட்டு. நான் அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் சிரிக்கவில்லை. மற்றவர்கள் சிரிப்பதைப் பார்த்து, கொஞ்சம் தாமதமாக, அவனும் உதட்டை இழுத்தான்.

மார்ச்சில் ஒரு நாள் பிஸ்கட் டப்பாவை ஏப்ரனுக்குள் ஒளித்துக்கொண்டு டாக்டர் ஃபால்கென்பெர்க்கின் அறைக்குப் போனேன். எங்கள் கழகத்தில் எல்லோரும் எல்லோருக்கும் 'நீ'தான், டாக்டர் ஒருவருக்கு மட்டும் 'நீங்க'. ஹென்னிங் எப்படி இருக்கிறான் என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டேன். அவர் கோப்பைப் புரட்டிக் காட்டினார்.

"ஆகஸ்ட்ல ஆறு, இப்பவும் ஆறு. கல்லு மாதிரி இருக்கான். ஏன், எதாவது கவனிச்சீங்களா?"

பத்து என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆகஸ்டில் பத்து சொன்னான் டாக்டர், என் முன்னால் உட்கார்ந்து பாடினான். டப்பாவைத் திறந்து இருபது சொச்சம் நாடாக்களை மேஜையில் வரிசையாக வைத்தால், குழந்தைக்கும் புரிந்திருக்கும். முதல் நாடா ஒரு விரல் நீளம், கடைசி நாடா ஒரு முழம். ஆனால் அவர் தலைக்குப் பின்னால் சுவரில் புள்ளிப் பட்டியல் தொங்கியது. முந்தின சனிக்கிழமைதான் ஜெயித்துப் பதினாறுக்கு ஏறியிருந்தோம். என் கண் டாக்டரைப் பார்க்கவில்லை, அந்தப் பட்டியலைத்தான் பார்த்தது.

"ஒண்ணுமில்ல டாக்டர். துண்டு போதுமான்னு கேக்க வந்தேன்," என்றேன்.

ஏப்ரலில் பயிற்சியின்போது ஹென்னிங்கின் தலை கோல் கம்பத்தில் மோதியது. டெட்லெஃபும் நானும் மட்டும் பார்த்தோம். ஹென்னிங் சலவை அறைக்கு வந்து தரைத் தொட்டியில் வாந்தி எடுத்தான். நான் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று டெட்லெஃபிடமும் சொல்லிவைத்தேன். ஆமாம், நானே போய்ச் சொன்னேன். அடுத்த இரண்டு ஆட்டமும் ஹென்னிங் ஒரு கோலும் விடவில்லை. பதினைந்தாவது இடம். ஊர்க் கசாப்புக்கடையில் அவன் பெயரில் ஒரு சாசேஜே வந்துவிட்டது.

மே மாதம், கடைசி ஆட்டத்துக்கு முந்தின வியாழக்கிழமை அவன் மனைவி ஃபிரௌகே மகளோடு வந்தாள். யெட்டே, ஆறு வயது, முன்பல் இரண்டும் விழுந்தவள். கடைசி ஆட்டம் முடிந்ததும் ஆட்டக்காரர்களின் பிள்ளைகளை மைதானத்துக்குள் விடுவது எங்கள் வழக்கம். அதற்காக ஏழு பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரிப் பச்சை ஜெர்சி எடுத்து வைத்திருந்தேன். யெட்டே அதைப் போட்டுக்கொண்டு இயந்திரங்களுக்கு நடுவில் ஓடினாள். ஃபிரௌகே குரலைத் தாழ்த்தினாள். வீட்டில் குழாயைத் திறந்தபடி விட்டுவிடுகிறான், பால் வாங்கப் போய் வெறுங்கையோடு வருகிறான், கேட்டால் சோர்வு என்கிறான், என்றாள்.

"இங்க எப்படி இருக்கான், ரோஸ்வித்தா? எனக்கு உண்மையச் சொல்லு."

"இங்க நல்லாத்தான் இருக்கான். சனிக்கிழமையோட எல்லாம் முடிஞ்சிடும், நல்லாத் தூங்கட்டும்."

அவள் என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனாள். அவள் என்னை நம்பினாள். அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

சனிக்கிழமை. கடைசி நாள் ஒன்பது ஆட்டமும் ஒரே நேரத்தில், பிற்பகல் மூன்றரைக்குத் தொடங்கும். எங்களுக்கு ஒரு சமநிலை போதும். தோற்றால் பதினேழு, நேராகக் கீழே. எதிரே வடக்குத் துறைமுக நகரத்து அணி. பதினோரு மணிக்கே தெருவெல்லாம் பச்சை. பழைய ரொட்டிக்கடை இருந்த இடத்தில் இப்போது கைபேசிக் கடை. அதன் முதலாளி கண்ணாடிக்கு முன்னால் பலகை அடித்துக்கொண்டிருந்ததை நான் வரும் வழியில் பார்த்தேன்.

நாடா அன்று முழங்கைக்கு மேல் நீளம். எந்தப் பாதி, எந்தக் கோல். நம் பத்துப் பேர். பயிற்சியாளர் பெயர். சமநிலை போதும். ஒன்பதாம் எண்காரன் பெனால்டி, உன் வலது, தாழ்வாக. எழுதி முடித்துச் சுருட்டப் போனபோது அவன் என் கையைத் தொட்டான்.

"இன்னும் ஒண்ணு எழுதணும்." அவன் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தான். "பாப்பா பேரு."

"எந்தப் பாப்பா?"

"என்னுது. காலையில கூப்பிட வாயெடுத்தேன், வரல. இப்ப இருக்கு. யெட்டே. இப்ப இருக்கு. அப்புறம் இருக்குமான்னு தெரியல. முன்பல்லு இல்லன்னும் எழுது. எல்லாப் பிள்ளையும் ஒரே சட்டையில வரும்ல."

எனக்குக் கோபம் வந்தது. அவன் மேல் இல்லை, ஆனால் அவன் மேல்தான் காட்டினேன். பேனாவை மூடி ஏப்ரன் பையில் போட்டேன்.

"அத நான் எழுத மாட்டேன். அதெல்லாம் மறக்காது. மறக்கற விஷயமா அது? போ, போய்க் கையுறைய மாட்டு."

அவன் நின்றான், தலையாட்டினான், போனான். அதை எழுதினால் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று எனக்கே தெரிந்துவிடும். அதனால்தான் எழுதவில்லை. வேறு காரணம் கிடையாது.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று இழுத்துக்கொண்டே போனது. எண்பத்தெட்டாவது நிமிஷம் எங்கள் தடுப்பாட்டக்காரன் ஒருவன் எங்கள் கோலுக்கு முன்னால் இருக்கும் பெட்டிக்குள் காலை நீட்டி ஒருவனை விழ வைத்தான். பெனால்டி. மைதானம் செத்த வீடு மாதிரி ஆனது. ஒன்பதாம் எண்காரன் பந்தை வைத்தான். ஹென்னிங் குனிந்து நாடாவை உருவினான். எட்டாயிரம் பேரும் மெல்ல ஆரம்பித்தார்கள், நாடா, நாடா, நாடா. விரலால் வரி வரியாகத் தேடிப் படித்தான். நடுவர் கடிகாரத்தைக் காட்டும்வரை படித்தான். சுருட்டி வைத்தான். ஒன்பதாம் எண்காரன் அடித்தான். இவன் வலது பக்கம் தாழ்வாகப் பாய்ந்தான், பந்து இரண்டு கைக்குள்ளும் இருந்தது.

அதன்பிறகு நான் என்ன செய்தேன் என்று சரியாக ஞாபகம் இல்லை. டெட்லெஃபைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறேன். இறுதி விசில் ஊதியபோது, அந்த இரண்டு நிமிஷம், எல்லாம் சரிதான், நான் செய்ததெல்லாம் சரிதான் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், பொய் சொல்லி என்ன ஆகப் போகிறது.

பக்கக் கதவைத் திறந்து பிள்ளைகளை விட்டார்கள். ஏழு பச்சைச் சட்டைகள் புல்லில் ஓடின. அப்பாக்கள் குனிந்து ஆளுக்கொன்றாய்த் தூக்கினார்கள். ஹென்னிங் கோலுக்கு முன்னால் கையுறையோடு நின்றான். அவனை நோக்கி யெட்டே ஓடினாள். அவள் கூடவே இரண்டு பிள்ளைகள், கேப்டனைத் தொட்டுப் பார்க்கும் ஆசையில். மூன்று பேரும் அவன் முன்னால் வந்து நின்றார்கள். யெட்டே இரண்டு கையையும் தூக்கினாள்.

அவன் அவளைப் பார்த்தான். பக்கத்தில் நின்ற பையனைப் பார்த்தான். பிறகு குனிந்து, காலுறைக்குள் விரலை விட்டு, நாடாவை எடுத்தான்.

தெற்குப் படிக்கட்டு வெடித்தது. இதைவிட நல்ல வேடிக்கையை அவர்கள் பார்த்ததில்லை. பெற்ற பிள்ளையைத் தூக்குவதற்கும் நாடாவைப் பார்க்கிறான் நம் ஆள். நாடா, நாடா என்று எட்டாயிரம் பேரும் சிரித்துக்கொண்டே கத்தினார்கள். யெட்டேயும் சிரித்தாள், கையை இறக்காமல். அவன் மேலிருந்து கீழே படித்தான். திருப்பிப் பின்பக்கம் பார்த்தான். மறுபடி மேலிருந்து படித்தான். கொஞ்ச நேரத்தில் அவள் சிரிப்பு நின்றது. கைகள் மட்டும் அப்படியே இருந்தன.

அவன் தலையைத் தூக்கி, அவ்வளவு கூட்டத்திலும் என்னைத் தேடிப் பிடித்தான். நான் சுரங்க வழியில் நின்றிருந்தேன். அந்தப் பெயரைக் கத்தினேன். அந்தச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. பேனா என் ஏப்ரன் பையில்தான் இருந்தது.